குலுங்கினாத்தான் காசு!

எங்க கீரனூர்ல ரோடு குண்டும் குழியுமா இருந்தா, கலெக்டருக்கு மனு பறக்கும். ஆனா, சூரியநெல்லியில அந்தக் குண்டும் குழியும்தான் பலருக்குச் சோறு போடுது பாஸ்!

சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலை, நம்ம தேனி மாவட்டம். ஆனால், சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் ஜீப் ஏறுவது கேரளாவின் சூரியநெல்லியில். கரடுமுரடுப் பாதையில சொந்தக் கார் பருப்பு வேகாது. அதனால வாடகை அந்த ஊர் டிரைவர்களுக்கு!

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இதையே அரசு திட்டம் போட்டுச் செய்தது. நிலக்கரி வேலை குறைந்துபோன மலையூர்களில், 2000-ல் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் வண்டிப் பாதைகளைத் திறந்தார்கள். இன்று நீளம் 1,000 மைலுக்கும் மேல். பெர்மிட் வாங்கினால்தான் ஓட்ட முடியும். தங்க, சாப்பிட, ரிப்பேர் பார்க்க, எல்லாத்துக்கும் பக்கத்து ஊர்தான்.

மலை எங்கே இருக்குங்கறது முக்கியமில்ல மச்சி... வண்டி எந்த ஊர்ல கிளம்புது? காசு அங்கேதான் இறங்கும்!