மூன்று மணிக்கு விழிக்கிற அப்பா

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய சாயாக்கடையில், தம்பி முறையுள்ள ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

“அப்பா மூணு மணிக்கே எழும்பிருதாரு அண்ணா. மோட்டப் பாத்துக்கிட்டே கெடக்காரு. முதுகு வலிக்கு, வயிறு சரியில்லங்காரு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. வயசாச்சுல்லா, அப்படித்தானே?”

அப்படி இல்லை. வயதானவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது. வலியாக, பசியின்மையாக, விடியுமுன் கலையும் உறக்கமாக வரும். ‘வெப்ராளமா இருக்கு’ என்று மனத்தவிப்பை அவர்கள் ஒருநாள் சொன்னாலும் நாம் வாயுவுக்கு மருந்து வாங்கித் தருகிறோம்.

அவர் அப்பா ரப்பர் பால் வெட்டியவர். வெயில் ஏறுமுன், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் அன்றும் மூன்று மணிக்குத்தான் விழிப்பார். ஆனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முந்நூறு மரம், ஏற்ற இறக்கம், கூட்டாளிகள், திரும்பியதும் பசி, ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அசந்த உறக்கம். முட்டுவலியால் கத்தியை வைத்த அன்றே இத்தனையும் ஒன்றாக நின்றுபோயின. இப்போது டிவி, மதிய உறக்கம், நாலைந்து கட்டன் சாயா, ராத்திரி கொஞ்சம் குடி. குடி சீக்கிரம் உறங்க வைக்கும். நடுச்சாமத்தில் எழுப்பியும் விடும்.

2017-18இல் இந்தியா முழுக்க, 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ‘லாசி’ என்ற முதுமை ஆய்வு நடந்தது. 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.3 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கலாம் என்று கேள்விகள் காட்டின. தங்களுக்கு அது இருப்பதாக மருத்துவர் கண்டறிந்ததாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதம்தான். அந்த இடைவெளியில் எத்தனை அப்பாக்கள்!

“அப்போ தெனமும் நடக்கச் சொல்லட்டா?”

சொன்னால் நடக்கமாட்டார். அசைவு குறைந்தால் மனம் சோர்கிறது. சோர்ந்த மனம் உடலை எழவிடாது. இதைச் சோம்பல் என்று ஏசுவதுதான் என்னை வருத்துகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 1999இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு மாத்திரை, ஒரு பகுதியினருக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, மீதிப் பேருக்கு இரண்டும். மாத்திரை சீக்கிரம் கேட்டது. 16 வாரம் கழித்து மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. அவர்கள் தனியாகப் பயிற்சி செய்யவில்லை, மேற்பார்வையில் கூட்டமாகச் செய்தார்கள். அந்தத் துணைக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

முதலில் மருத்துவர். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் இதே சோர்வு வரும். அவர் மாத்திரை எழுதினால் தயங்காமல் கொடுங்கள், அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ‘வாழ்ந்து என்ன’ என்று அப்பா பேசினால் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். தம்பி அந்த எண்ணைப் போனில் ஏற்றிக்கொண்டார்.

“இப்ப உங்க தோட்டத்துல யாரு வெட்டுறா?”

“ஒரு புதுப் பையன். கத்திய ஆழமா வச்சிருதான், பட்டையெல்லாம் காயம்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றார். சொன்னால் வருத்தப்படுவாரே என்று மறைத்திருக்கிறார்.

“முட்டுக்கு ஆகாத சரிவு வேண்டாம். கீழ்வரிசைக்கு மட்டும் அப்பாவக் கூட்டிக்கிட்டு நீங்களும் போங்க. அந்தப் பையனுக்கு வெட்டுப் பிடிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

அவர் சாயாவை அப்படியே வைத்துவிட்டு, பையனுக்குப் போன் போட்டார்.