போன ஆளுக்கு வாசல் இன்னும் திறந்திருக்கா, அண்ணாச்சி?

2025 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து இ-வே பில் தளத்துக்குள் வெறும் பாஸ்வேர்டைப் போட்டு யாரும் போக முடியாது. ஓடிபியும் வேண்டும். இது முதலில் 2023 ஆகஸ்டில் 100 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. 2025 ஜனவரியில் 20 கோடி, பிப்ரவரியில் 5 கோடி என்று இறங்கி, ஏப்ரலில் சின்னப் பருப்பு மில் வரைக்கும் வந்துவிட்டது. சூலக்கரை தொழிற்பேட்டைப் பக்கம் டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பாத முதலாளி குறைவு.

"லாரி லோடு ஏத்தி நிக்குது. பில் போடணும்னா ஓடிபி என் போனுக்கு வருது. நான் அருப்புக்கோட்டைல கல்யாண வீட்டுப் பந்தில உக்காந்திருக்கேன். இதுக்குப் பேரு பாதுகாப்பா தம்பி?" என்றார் பருப்பு மில் அண்ணாச்சி.

கோபம் நியாயமானதுதான், ஆனால் தப்பு தளத்தில் இல்லை. மில்லில் பில் போடுகிற மூன்று பேரும் அண்ணாச்சி பேரிலேயே, அண்ணாச்சி பாஸ்வேர்டிலேயே உள்ளே போகிறார்கள். தளம் பார்க்கிறது ஒரே ஒரு ஆளைத்தான். அந்தத் தளத்திலேயே சப்-யூசர் என்று ஒரு வசதி இருக்கிறது. டெஸ்பாட்ச் பார்க்கிற பையனுக்குத் தனிப் பெயர், அவன் செல் நம்பர், அவனுக்கு வருகிற ஓடிபி. பில் உண்டாக்க மட்டும் உரிமை கொடுக்கலாம். எதிராளி போட்ட பில்லை நிராகரிக்கிற உரிமையைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். பந்தியில் நிம்மதியாகப் பாயசம் குடிக்கலாம்.

"இது போதாதுங்கான் என் மகன். கிளவுட் ஐடென்டிட்டின்னு ஒண்ணு வாங்கணுமாம். ஒரு கம்பெனிக்காரன் கொட்டேஷன் குடுத்திருக்கான், பாரு." மூன்று திட்டங்கள், கீழே நாற்பது வசதிகள், நாற்பதுக்கும் டிக். விலை ஏற ஏற டிக் கூடுகிறது. எதை எடுப்பது?

நாற்பதையும் ஒதுக்கி வைத்துவிட்டு விஷயத்துக்கு வருவோம். நம்மிடம் வேலை பார்க்கிறவர்கள் யார் யார் என்ற பட்டியல் இன்றைக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் தனித்தனியாக இருக்கிறது. மெயிலில் ஒன்று, சம்பள மென்பொருளில் ஒன்று, ஆர்டர் எடுக்கிற ஆப்பில் ஒன்று. கிளவுட் ஐடென்டிட்டி அந்தப் பட்டியலை ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஆப்பைத் திறந்தால் அது பாஸ்வேர்டு கேட்காது, "இவர் உங்க ஆள்தானா?" என்று அந்த ஒரு இடத்தைக் கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தால் உள்ளே விடும். இதைத்தான் சிங்கிள் சைன்-ஆன் என்கிறார்கள். கேள்வி பதிலுக்கான பொது முறைகளில் ஒன்றான எஸ்ஏஎம்எல் 2.0 வந்தது 2005இல். பழைய சரக்குதான், புதிதாக மிரள வேண்டியதில்லை. மைக்ரோசாப்டின் என்ட்ரா ஐடி, கூகுளின் கிளவுட் ஐடென்டிட்டி, நம்ம ஊர் ஜோஹோவின் டைரக்டரி மூன்றுமே அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன.

அடுத்தது, உள்ளே வந்தவர் எதுவரை போகலாம் என்பது. சிவகாசிப் பக்கத்தாருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பட்டாசு ஆலையில் இந்த அறையில் இன்ன வேலைதான், இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று உரிமத்திலேயே கட்டு இருக்கிறது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் இருந்தால் விபத்து நடக்குமா என்பது அன்றைய நேரத்தைப் பொறுத்தது. நடந்தால் சேதம் இரட்டிப்பு என்பது நிச்சயம். அனுமதியும் அப்படித்தான். ஒரு ஆளின் கணக்கு திருடு போவதை முழுக்கத் தடுக்க முடியாது. போனால் எத்தனை அறை எரியும் என்பதை முன்கூட்டியே குறைத்து வைக்கலாம்.

அதற்கு ஆளுக்கு ஆள் அனுமதி கொடுக்கக் கூடாது. கணக்கு, டெஸ்பாட்ச், விற்பனை என்று வேலைக்கு ஒரு குழு வைத்து, ஆப்பைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். டெஸ்பாட்சிலிருந்து கணக்குக்கு மாறுகிறவரைப் பழைய குழுவிலிருந்து எடுத்தால் பழைய அனுமதியும் போய்விடும். இல்லாவிட்டால் பதினைந்து வருஷம் விசுவாசமாக இருக்கிற கணக்குப்பிள்ளையிடம் மில்லின் எல்லாக் கதவும் சேர்ந்துவிடும். அவர் நல்லவர்தான். ஆனால் அவருடைய பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் ஏமாற்றி வாங்குகிறவன் நல்லவன் இல்லையே.

"டீ ஆறுது, குடி" என்றார் அண்ணாச்சி. அப்புறம் கேட்டார்: "அப்ப எல்லாத்தையும் இதுக்குள்ள கொண்டு வந்துரலாமா?"

முடியாது. விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார். ஜிஎஸ்டி தளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தளங்கள் எதுவும் உங்கள் கம்பெனியின் பட்டியலைக் கேட்டு ஆளை உள்ளே விடாது. அவற்றுக்கு அவற்றின் சொந்தக் கணக்குதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் கணக்கு மென்பொருளுக்கும் பெரும்பாலும் அதே கதை. வெளியே வாங்கும் ஆப்புகளிலும் ஒரு தந்திரம் உண்டு. மலிவான திட்டத்தில் எஸ்ஏஎம்எல் இருக்காது, விலை கூடிய திட்டத்தில்தான் இருக்கும். ஆகவே கொட்டேஷனைப் பார்க்கும் முன்பே ஒரு தாளில் நீங்கள் பயன்படுத்துகிற ஆப்புகளை எழுதி, எதெல்லாம் இணையும், இணைக்க என்ன கூடுதல் செலவு என்று விசாரிக்க வேண்டும். பத்து ஆப்பில் மூன்றுதான் இணையும் என்றால், உயர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

என்னைக் கேட்டால் எல்லா வசதியையும் ஒரே கேள்வியால் அளப்பேன். இன்றைக்குச் சாயங்காலம் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அவர் கையிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே விடுவதை எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள். புது ஆளுக்கு மெயில் வேண்டுமென்றால் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுவார். போகிறவருக்காக யாரும் கேட்பதில்லை.

2021 மே மாதம் அமெரிக்காவில் எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் ஹேக்கர்களின் தாக்குதலால் நிறுத்தப்பட்டு, அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. புகுந்தவர்கள் வந்த வழி, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. மூடாமல் விட்டிருந்தார்கள். அதற்கு இரண்டாம் சரிபார்ப்பும் கிடையாது. நிறுவனம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கப்பம் கட்டியது.

போகிறவரை நிறுத்துவதில் நுணுக்கம் இருக்கிறது. மையப் பட்டியலில் அவர் பெயரை முடக்கினால் புதிதாக உள்ளே வர முடியாது, சரி. ஏற்கெனவே போனில் திறந்து வைத்திருக்கிற ஆப்? என்ட்ராவில் ஒருமுறை கொடுத்த அனுமதிச் சீட்டு சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேலும் செல்லும். சில ஆப்புகள் தாமே வாரக்கணக்கில் திறந்தே வைத்திருக்கும். எனவே முடக்குவதோடு எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றுகிற பொத்தானையும் அழுத்த வேண்டும். இன்னொன்று, ஆப்புக்குள் அவருடைய பழைய பாஸ்வேர்டு வழியும் திறந்திருந்தால் முன்வாசலை மட்டும் பூட்டிய கதைதான். இணைத்த பிறகு அந்தப் பழைய வழியை அடைக்க வேண்டும். மையத்தில் பெயரை எடுத்ததும் ஆப்புகளிலும் கணக்கைத் தானாகவே முடக்குகிற வசதிக்கு எஸ்சிஐஎம் என்று பெயர். நாற்பது டிக்கில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

நம் பக்கம் ஆள் வருவதும் போவதும் சீசன் கணக்கு. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானால் அதிலிருந்து வருஷக் கடைசி வரை அச்சகங்களில் கூடுதல் ஆள். பட்டாசுக்குத் தீபாவளி. சீசனுக்கு வருகிறவரின் கணக்கைத் திறக்கும்போதே முடிகிற தேதியை எங்காவது எழுதி வைக்க வேண்டும். மென்பொருள் அதைத் தானாகச் செய்யாவிட்டால் ஆபீஸ் காலண்டரில் குறித்தாலும் போதும். காலண்டருக்கா நமக்குப் பஞ்சம்?

இரண்டாம் சரிபார்ப்பில் வேறொரு சிக்கல். ஓடிபி, போனில் வரும் ஒப்புதல் எல்லாமே கையில் போன் இருக்கும் என்று நம்பி வடிவமைத்தவை. பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்கு இடமில்லை. வாசலில் போனைக் கொடுத்துவிட்டு ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர் என்ன செய்வார்? அதற்கு யுஎஸ்பியில் செருகுகிற பாதுகாப்புச் சாவி இருக்கிறது, சில ஆயிரம் ரூபாய். போலித் தளத்தில் செருகினால் அது வேலை செய்யாது என்பதால் எஸ்எம்எஸ் ஓடிபியைவிட உறுதியானதும்கூட. எல்லோருக்கும் வேண்டாம். பணம் அனுப்புகிறவருக்கும், பட்டியலை நிர்வகிக்கிறவருக்கும், போன் இல்லாமல் வேலை பார்க்கிறவருக்கும் வாங்கினால் போதும். மற்றவர்களுக்குப் போன் ஆப் சரி.

"ஆபீஸ்ல இருந்தா மட்டும் திறக்கணும், வீட்ல இருந்து திறக்கக் கூடாது. அப்படி முடியுமா?" முடியும். என்ட்ராவில் அது பி1 என்ற கட்டணத் திட்டத்திலிருந்து கிடைக்கிறது. இலவசத்தில் எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு மட்டும்தான். ஆனால் ஆபீசை அடையாளம் காண மாறாத ஐபி முகவரி வேண்டும். சாதாரண பிராட்பேண்டில் அது மாறிக்கொண்டே இருக்கும். முதலில் இணைய இணைப்புக்காரரிடம் நிலையான ஐபி கேளுங்கள். இல்லாவிட்டால் மழை பெய்து மோடம் அணைந்து எழுந்ததும் ஆபீசே வெளியே நிற்கும். சந்தேகமான உள்நுழைவைத் தானே மோப்பம் பிடிக்கிற பி2 திட்டம் முப்பது பேர் மில்லுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். கூகுளின் இலவசத் திட்டத்தில் 50 பேர் வரை சேர்க்கலாம். பலருக்கு அங்கேயே ஆரம்பிப்பது நல்லது.

பதிவேடு ஒன்றை மட்டும் விலை பார்த்து விட்டுவிட வேண்டாம். கணினி அவசர உதவி அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவின்படி நிறுவனங்கள் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு தொழிலுக்கு அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் அந்த வருஷம் செப்டம்பரோடு முடிந்தது. என்ட்ரா இலவசத் திட்டத்தில் யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவு 7 நாள்தான் இருக்கும். காசு கட்டினாலும் 30 நாள். மீதியை நீங்களே வெளியே எடுத்துச் சேமிக்க ஏற்பாடு வேண்டும். கூகுளில் உள்நுழைவுப் பதிவு ஆறு மாதம் இருக்கும். கொட்டேஷனில் "ஆடிட் லாக்" என்று வெறும் டிக் இருந்தால் எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடமே போனால்? நல்ல கேள்வி. 2023 அக்டோபரில் இதே தொழிலில் இருக்கிற ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டான். அதனால் மைய நிர்வாகிக் கணக்கை யாரும் அன்றாட மெயிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அவசரத்துக்கென்று இரண்டு நிர்வாகிக் கணக்குகளைத் தனியே வைக்கச் சொல்கிறது மைக்ரோசாப்ட். அவற்றின் யுஎஸ்பி சாவிகளில் ஒன்று ஆபீஸ் பீரோவில், இன்னொன்று வீட்டு லாக்கரில் இருக்கட்டும்.

அண்ணாச்சி கொட்டேஷனை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி, நாளைக்கு அந்தத் தம்பி வந்தா முதல்ல என்ன கேக்க?"

"உங்க மில்லோட டொமைன் யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு கேளுங்க. வெப்சைட் போட்டுக் குடுத்தவர் மெயில்ல இருந்துச்சுன்னா, இந்தப் பட்டியலுக்கும் கடைசியில அவர்தான் முதலாளி. அதை உங்க பேருக்கு மாத்தின பிறகுதான் மத்ததெல்லாம்."

அண்ணாச்சி மகனுக்குப் போன் போட்டார். மகனுக்கும் தெரியவில்லை. வெப்சைட் போட்டவர் கோயம்புத்தூரில் செட்டிலாகி நாலு வருஷம் ஆகிறதாம்.