ஒரே சாமியா... ரெண்டு சாமியா?

யூதர்களும் கிறிஸ்தவர்களும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தானா?

'இதென்ன ஸார் கேள்வி? ஆபிரகாம், மோசே, தாவீது எல்லாரும் ரெண்டு பேருக்கும் பொதுதானே?' என்று பட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு காலத்தில் இதற்கு என்ன பதில் என்பதைப் பொறுத்துத்தான் பல யூதர் வீடுகளில் அடுப்பெரிந்தது!

யூதர்களின் பழைய சட்டப்படி, விக்கிரகம் கும்பிடுகிறவர்களோடு அவர்களுடைய பண்டிகைக்கு மூன்று நாள் முன்பிருந்தே வியாபாரம் கூடாது. லாபம் பார்த்த குஷியில் ஆசாமி தன் சாமிக்கு நன்றி சொல்லப் போய்விடுவானாம்! 'பின்னாலும் மூன்று நாள் கூடாது' என்றார் ரபி இஸ்மவேல். கிறிஸ்தவர்களையும் இதில் சேர்த்தால்? வாராவாரம் ஞாயிறு பண்டிகை. முன்னால் மூணு, பின்னால் மூணு, நடுவில் ஞாயிறு. ஆக மொத்தம் ஏழு. வாரம் பூரா கடைக்குப் பூட்டு! இந்தக் கணக்கு தால்மூதிலேயே இருக்கிறது.

சுற்றிலும் கிறிஸ்தவர்களே இருந்த ஐரோப்பாவில் இது எப்படிச் சரிப்படும்? கூட்டு வியாபாரத்தில் தகராறு வந்து கிறிஸ்தவப் பங்காளி புனிதர்கள் பேரில் சத்தியம் செய்தால், யூதர் ஏற்கலாமா? 12-ம் நூற்றாண்டு பிரான்சில் ரபேனு தாம், 'ஏற்கலாம். அவர் மனசில் நினைப்பது வானத்தைப் படைத்தவரைத்தான்' என்றார். 13-ம் நூற்றாண்டில் பெர்ப்பிஞான் ஊர் மெய்ரி, 'மதக் கட்டுப்பாட்டோடு வாழும் ஜனங்கள் அந்தப் பழைய பட்டியலில் வரமாட்டார்கள்' என்றார். முஸ்லிம்களிடையே எகிப்தில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிடஸ் (மறைவு 1204) மட்டும் அசையவில்லை. கிறிஸ்தவர்கள் விக்கிரகக் கணக்கில்தான் என்றார்.

சரி, கிறிஸ்தவர்கள் என்ன சொன்னார்கள்? கப்பல் முதலாளி மார்சியன், 'பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு' என்று கிளப்பினார். கி.பி. 144 வாக்கில் ரோமாபுரி சபை அவரை வெளியேற்றியது. அவர் கொடுத்த நன்கொடையையும் திருப்பித் தந்துவிட்டது! சபைக்கு வேறு வழியில்லை. பைபிளின் முன்பாதியே யூதர்களுடையது. 'கடவுள் வேறு' என்றால் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிடும். யூதருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனால் 325-ல் நிசேயா மாநாடு, இயேசு பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிவித்ததே, அதைத்தான் அவரால் ஏற்க முடியாது.

2000-ம் வருஷம் செப்டம்பரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட யூத குருமார்களும் அறிஞர்களும் 'தப்ரு எமெத்' என்ற அறிக்கை விட்டார்கள். அதன் முதல் வாசகமே, 'இருவரும் வழிபடுவது ஒரே கடவுளை' என்பதுதான். ஹார்வர்டின் யூத அறிஞர் ஜான் லெவன்சன் ஒப்புக்கொள்ளவில்லை. திரித்துவம் என்ன சின்ன வித்தியாசமா என்பது அவர் கட்சி.

பட்டிமன்றம் தொடரட்டும். ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. 1096-ல் சிலுவைப்போர் கூட்டம் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களை வெட்டிச் சாய்த்தது. 'ஒரே கடவுள்' என்று சாதித்த மதத்தின் பிள்ளைகள்தான் அவர்கள். திரித்துவத்தைக் கடைசிவரை ஏற்காத ரபேனு தாமும் மெய்ரியுமோ, பக்கத்து வீட்டுக்காரனோடு பிழைக்க வழி தேடினார்கள்.

சாமி ஒன்றா ரெண்டா என்பதை மேலே போய்க் கேட்டுக்கொள்ளலாம். கீழே இருக்கிறவரை, மெய்ரி கணக்கே போதும் ஸார்!