மரம் சொல்லும் வடிவம்

சுருட்டும் பீடியும் நன்கறிந்த மன்னார்க் கரையில் சுங்கான் பிடிப்போரைக் காண்பது அரிது. டென்மார்க்கில் கையால் செதுக்கப்பட்ட சுங்கான், ஒருவர் பாவித்துக் கழித்த பின்னரும், பெருவிலை பெறுவது ஏன்? விடை புகையிலையில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

மத்தியதரைக் கடலோரத்து பிரையர் செடியின் வேருக்கும் தண்டுக்கும் இடையே திரளும் முண்டு எளிதில் தீப்பற்றாதது. அதனைப் பல மணி நேரம் அவித்து, மாதக்கணக்கில் உலர்த்துவர். பிறகு இயந்திரத்தில் ஒரே அச்சாகக் கடைவதே வழக்கமாயிருந்தது. கொப்பன்ஹேகனில் பட்டறை நடத்திய சிக்ஸ்டன் இவார்சன் (1910-2001) இழையோடும் திசைக்கேற்ப முதலில் வடிவத்தைச் செதுக்கினார். துளை அதன் பின்னரே. பிரெபென் ஹோம் முண்டின் கரடுமுரடான மேற்புறத்தையும் அப்படியே விட்டுவைத்தார். வள்ளத்தின் வளைவுக்கு இயற்கையாகவே வளைந்த மரத்தைத் தேடிய நம் கரையோரத் தச்சர்களுக்கு இது புதிய பாடமன்று.

சுங்கான் புகை தீங்கற்றது என்பது வெறும் நம்பிக்கை. உள்ளிழுக்காவிடினும் அது வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும் தடுக்கிறது.

ஆகவே, பற்றவைக்க அன்றி, கைவினைப் பொருளாக வைத்துப் பார்க்க வாங்குவோருக்கே நாம் இதனைச் சொல்கிறோம். மினுக்கத்தைக் கண்டு மயங்க வேண்டாம். கிண்ணத்தின் உட்சுவரில் வெடிப்போ தீய்ந்த பள்ளமோ உண்டா, துளை கிண்ணத்தின் அடியில் நேராக வந்து சேர்கிறதா எனப் பாருங்கள். வாயில் வைக்கும் கறுப்பு இறப்பர்ப் பகுதி பழுப்பேறியிருந்தால் கவலையில்லை. தேய்த்தால் கறுப்பு மீளும். வெடித்த மரம் மீளாது.