வருவாய் வேற்றுமையை அளக்குங் கோடு

ஒரு நாட்டின் வருவாய் மக்களுக்குள் எங்ஙனம் பங்காகின்றது என்பதைச் சராசரி காட்டாது. பதின்மர் வாழும் ஊரில் ஒருவன் 1000 ரூபாய் பெற, ஏனையோர் ஒன்றும் பெறாராயினும் சராசரி 100 ரூபாயே. மாக்ஸ் லோரன்ஸ் என்னும் அமெரிக்கர் 1905-ல் இதற்கென ஒரு வளைகோட்டை வகுத்தார். மக்களை வறியோர் முதலாகச் செல்வர் ஈறாக நிரல்பட நிறுத்தி, முதற் பத்திலொரு பங்கினர் மொத்த வருவாயில் எத்துணை பெறுகின்றனர், பத்தில் இருபங்கினர் எத்துணை எனக் கூட்டிக்கொண்டே சென்று வரைவது அக்கோடு. யாவரும் ஒத்த வருவாயினராயின் அது நேர்கோடாம். வேற்றுமை மிகுந்தோறும் கீழ்நோக்கித் தொய்யும். இத்தாலியரான கொர்ராடோ கினி, 1914-ல் அத்தொய்வின் பரப்பை நேர்கோட்டின் கீழுள்ள முழுப் பரப்பால் வகுத்து, 0 முதல் 1 வரை அமையும் ஓர் எண்ணாக்கினார்.

எண் ஒன்றாயினும் நிலை ஒன்றன்று. மக்களிற் பாதியர் யாதுமின்றி நிற்க, மறுபாதியர் அனைத்தையும் ஒப்பப் பகிரும் நாட்டிற்குக் கினி எண் 0.5. முக்காற்பங்கினர் வருவாயிற் காற்பங்கையும், எஞ்சியோர் முக்காற்பங்கையும் தத்தமக்குள் ஒப்பப் பகிரும் நாட்டிற்கும் அதுவே. முன்னதிற் பாதிப்பேர் வீட்டில் அடுப்பெரியாது. அவ்வெண்ணோ அதனை உரையாது.

நம் நாட்டில் தேசிய மாதிரி ஆய்வினர் நெடுங்காலமாக மக்களின் வருவாயைக் கேளாது செலவையே கேட்டு வந்தனர். செல்வர் தம் வருவாய் முழுதையுஞ் செலவிடாராகலின், அக்கணக்கில் வேற்றுமை குறைந்தே தோன்றும்.