சாமர்ராவின் மலர்க் கண்ணாடி

இஸ்லாமியக் கண்ணாடிக் கலை என்றதும் மம்லூக்குகள் காலத்துப் பள்ளிவாசல் விளக்குகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஸூரத்துந் நூரின் ஒளி வசனம் எழுதப்பெற்ற அவ்விளக்குகள் பெரும் புகழுக்கு உரியனவே. ஆயினும் அவற்றுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே, ஊதுகுழலின்றிச் சூளையின் வெம்மையால் மட்டுமே உருப்பெற்ற ஒரு கலையை நாம் மறந்துவிட்டோம்.

ஹிஜ்ரி 221இல் (கி.பி. 836) கலீஃபா முஃதஸிம் பக்தாதை விட்டுச் சாமர்ராவைத் தலைநகராக்கினார். 892 வரை அது தலைநகராய் விளங்கிற்று. எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 1911 முதல் 1913 வரை அங்கு நடத்திய அகழாய்வில், அரண்மனைப் பகுதியிலிருந்து பன்னிறக் கண்ணாடி ஓடுகள் வெளிப்பட்டன. ஓட்டின் முகமெங்கும் சின்னஞ்சிறு பூக்கள். அவை தூரிகையால் தீட்டப்பட்டவை அல்ல.

பல நிறக் கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொதிந்து, இளகிய நிலையில் நீண்ட கோலாக இழுப்பர். இழுக்க இழுக்கக் கோல் மெலியும். உள்ளிருக்கும் பூவும் சிறுக்கும். ஆனால் அதன் வடிவம் குலையாது. கோலைக் குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ. வில்லைகளை நெருக்கமாக அடுக்கி ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் விளிம்புகள் இளகி ஒன்றோடொன்று இணைந்து ஒரே பலகையாகும். கிண்ணம் வேண்டுமெனில், அப்பலகையை அச்சின்மீது வைத்து முன்னதிலும் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சூளையிலிட வேண்டும். கண்ணாடி தன் எடையாலேயே தொய்ந்து அச்சில் படியும். அச்சில் களிமண் குழம்பு போன்ற பூச்சு இல்லையேல் கண்ணாடி அதனோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்தே எடுக்க வேண்டியதுதான்.

இக்கலையின் உண்மையான சோதனை உருக்குவதில் இல்லை, ஆறவைப்பதில் இருக்கிறது. நிறமூட்டும் பொருள்களால் கண்ணாடியின் சேர்மானம் வேறுபடும். சேர்மானத்திற்கேற்பச் சுருங்கும் அளவும் வேறுபடும். அவ்வேறுபாடு மிகுந்தால், குற்றமற்றதாய்த் தோன்றும் பலகை குளிரும்போதோ, சில நாட்கள் கழித்தோ வெடிக்கும். விரைந்து குளிர்ந்தாலும் அதே கதி. ஆகவே 500 பாகைக்குச் சற்று மேலே நிறுத்திவைத்து, பின்னர் மெல்ல இறக்குவதே இன்றைய சூளைகளின் முறை. வெப்பமானி இல்லாத அக்காலக் கைவினைஞர் நெருப்பின் நிறத்தையும் கண்ணாடியின் போக்கையும் கொண்டே இதனைக் கணித்திருக்க வேண்டும். எழுத்தில் பெயர் விட்டுச் செல்லாத அவர்களின் அறிவை வெறும் கைப்பழக்கம் என்று ஒதுக்குவது நேர்மையன்று.

ரோமானியர் இம்முறையை முன்பே அறிந்திருந்தனர். இடையில் பல நூற்றாண்டுகள் அருகிப்போன அது, அப்பாஸியர் காலத்தில் மீண்டும் தலையெடுத்தது. வண்ணம் தீட்டிய ஓடு உடைந்தால் உட்புறம் வெறுமையாய் இருக்கும். சாமர்ராவின் ஓடு உடைந்த இடத்திலோ, பூவின் நிறங்கள் முகத்திலிருந்து அடிவரை ஊடுருவிச் செல்வதைக் காணலாம்.