கடன் தீர்ந்த வண்டி

ஏழாண்டுக் காலம் மாதந்தோறும் ஐந்தாம் தேதியன்று தவறாமல் எங்கள் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்த தவணை நின்று, பாக்கி ஏதுமில்லை என்று வங்கி கொடுத்த கடிதத்தையும் 35-ஆம் எண் படிவத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைத்து, ஆர்.சி.யில் இருந்த அடமானக் குறிப்பு நீங்கி வந்த அன்றுதான், 2016-ல் வாங்கிய அந்தச் சிறிய பெட்ரோல் கார் மெய்யாகவே எங்களுடையதாயிற்று. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்ததைச் சொல்லி, வண்டியை சர்வீஸுக்கு விட்ட இடத்து இளைஞர், "எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க சார், அடுத்த வருஷம் இந்த விலை நிக்காது" என்றார். வீட்டுக்கு வந்தால் மகளும், "அப்பா, பத்து வருஷம் ஆச்சுப்பா" என்றாள். எத்தனையோ இல்லங்களில் எழும் இக்கேள்விக்கு விடை சொல்லப் பொருளாதாரம், உலோக சாஸ்திரம், ரசாயனம், மனோதத்துவம், பௌதிகம் ஆகிய ஐந்தும் ஒன்றுகூட வேண்டியிருக்கிறது என்பதை, விசாரிக்கப் புகுந்த பிறகே நான் அறிந்தேன்.

பணத்தின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். புதிய வண்டியின் ஆன் ரோடு விலை 9 லட்சம் என்றும், பழையதற்கு 2 லட்சம் கழிப்பார்கள் என்றும், மீதி 7 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழாண்டுகளில் அடைப்பதென்றும் கொண்டால், மாதத் தவணை ஏறக்குறைய 11,260 ரூபாய் ஆகிறது. வட்டியாக மட்டும் சுமார் 2,46,000 ரூபாய் போகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை விட்டு 20 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு மாறினால், எங்களைப்போல் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் பிரயாணம் செய்கிற குடும்பத்துக்கு மிச்சமாவது 133 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 1,100 ரூபாய். தவணையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. சென்ற ஆண்டு கிளட்ச் பிளேட்டும் சஸ்பென்ஷன் புஷ்களும் மாற்றியதற்கு 34,000 ரூபாய் செலவானபோது மலைத்துப்போன நான், அது புதிய வண்டியின் மூன்று மாதத் தவணைதான் என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

இதைவிட நுட்பமான விஷயம் தேய்மானம். நம் நாட்டு மோட்டார் இன்சூரன்ஸ் விதிப்படி, வண்டியின் மதிப்பில் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே 5 சதவீதமும், ஓராண்டுக்குள் 15 சதவீதமும், இரண்டு ஆண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவீதமும் கழிக்கப்படுகின்றன. அதாவது ஐந்தாண்டுக்குள் பாதி மதிப்பு கரைந்துவிடுகிறது. எஞ்சிய பாதியோ அடுத்த பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கரைகிறது. செங்குத்தான சரிவைப் பொறுத்துக்கொண்டு இறங்கி, சமவெளியில் நடக்கத் தொடங்கும் வேளையில், மறுபடி மலையுச்சிக்கு ஏறிச் சரிவது போன்றதே கடன் தீர்ந்த வண்டியைக் கொடுத்துப் புதிது வாங்குவது.

அந்தச் சரிவு ஏன் அவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதற்கு 1970-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு ஒரு காரணம் சொன்னார். வண்டியின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் பழுதான வண்டியாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்குத் தம் வண்டியைக் கொடுக்க நல்ல வண்டிக்காரர் உடன்படமாட்டார். அவர் விலகிக்கொள்ளச் சந்தையில் நிற்பவற்றில் பழுதானவையே மிகும். விலை இன்னும் இறங்கும். பத்திரிகைகள் சில ஏற்க மறுத்த இக்கட்டுரைதான் பின்னர், 2001-இல், அவருக்கு நோபல் பரிசைப் பங்கிட்டுத் தந்தது. இதிலிருந்து வண்டிக்காரர் தமக்காக எடுத்துக்கொள்ளவேண்டிய முடிவு ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பத்தாண்டு காலம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியதும், மழைத்தண்ணீரில் ஒருநாளும் இறக்காததும் நமக்கு மட்டுமே தெரிந்த சரித்திரம். நம் கைக்குள் இருக்கும்வரை அதற்கு மதிப்பு உண்டு; எக்ஸ்சேஞ்ச் மேஜையில் சாவியை வைத்த கணமே அந்த மதிப்பு முழுவதும் மறைந்துபோகிறது. நன்றாகப் பேணிய வண்டியை விற்பவருக்கே நஷ்டம் அதிகம்.

ஆனால் நம்முடையது என்பதாலேயே ஒரு பொருளை மிகையாக மதிக்கும் சுபாவமும் மனிதருக்கு உண்டு. கானிமன், நெட்ச், தேலர் என்ற மூவர் 1990-இல் வெளியிட்ட சோதனைகளில், காப்பிக் கோப்பை இனாமாகக் கிடைத்த மாணவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் கையால் முதல் மாருதி 800-இன் சாவியைப் பெற்ற டில்லிவாசி ஹர்பால் சிங், 2010-இல் காலமாகும்வரை அதை விற்கவில்லை. அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். எனினும் முடிவு செய்யும்போது, கட்டிய தவணையையும் போட்ட கிளட்ச்சையும் மறந்து, இனிமேல் ஆகப்போகும் செலவையும் இனிமேல் வரப்போகும் பயனையும் மட்டுமே தராசில் வைக்கவேண்டும். ஆகவே வண்டியின் தேகநிலையை என் அன்பைக் கொண்டு அளக்காமல், அறிந்தவர் கையைக் கொண்டு அளக்க விரும்பி, இருபது ஆண்டுப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் போனேன்.

அவர் முதலில் ஆயில் கம்பியை உருவிப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மறுபடி விட்டெடுத்து, நுனியில் நின்ற ஆயிலை விரலிடையே தேய்த்துப் பார்த்தார். எஞ்சினுக்குள் சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே, தலைமயிரின் பருமனில் சிறு பங்கே உள்ள ஆயில் ஏடு ஒன்று நின்று, இரு உலோகங்களும் தொட்டுக்கொள்ளாமல் காக்கிறது. தொடாத உலோகம் தேய்வதில்லை. தேய்வது பெரும்பாலும் ஆயில் இறங்கிப்போயிருக்கும் காலைநேரத்து ஸ்டார்ட்டில்தான். பேணப்பட்ட எஞ்சினுக்குப் பத்தாண்டு ஒரு வயதே அன்று என்று பாய் சொன்னதில் உலோக சாஸ்திரத்துக்கு விரோதமானது எதுவும் இல்லை.

பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டார்ச் அடித்து, அடித்தகட்டில் ஒரு ஸ்குரூடிரைவரின் காம்பால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்ற ஓசை வந்துகொண்டிருந்தது, பின்சக்கரத்து வளைவருகே மட்டும் மொத்தென்று மாறியது. "இங்கதான் சார், இலை அடைச்சிக்கிட்டு தண்ணி நின்னிருக்கு" என்று அவர் கதவுக்குக் கீழே இருந்த சிறு துவாரத்தைக் குத்திவிட, மக்கிப்போன வேப்பிலைச் சேறு வழிந்தது. கடற்கரையிலிருந்து நாங்கள் இருப்பது ஒரு கிலோமீட்டர்தான். இரும்பும் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகும். அந்த ஈரத்தில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் அதில் எளிதாகப் பாய்ந்து அரிப்பு பன்மடங்கு விரைவாகும். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸிஸ் அரித்துவிட்டால் வண்டியின் ஆயுள் அத்தோடு சரி. நல்ல வேளையாக அரிப்பு உள்ளங்கை அகலத்துக்குள்ளேயே நின்றிருந்தது. சுரண்டி, பற்றவைத்து, பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்.

டயர்தான் என்னைத் திடுக்கிடச் செய்தது. பட்டன்கள் இன்னும் ஆழமாகவே இருக்கின்றனவே என்று நான் சொல்ல, அவர் பக்கச்சுவரில் இருந்த நான்கு எண்களைத் துடைத்துக் காட்டினார்: 2318. அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்த டயர். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைப் பிராணவாயுவும், ஓசோனும், வெயிலும் இடைவிடாமல் தாக்கி இறுக்கிக்கொண்டிருப்பதால், ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயதாகிறது. எரிபொருள் குழாயின் ரப்பருக்கும் இதே விதிதான். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இந்நாளில், அதற்கு ஏற்ற பொருள்கள் இல்லாமல் 2023 ஏப்ரலுக்குமுன் வந்த எங்களுடையது போன்ற வண்டிகளில் அக்குழாய்களை அடிக்கடி பார்ப்பது உசிதம்.

பூமிக்காகவாவது புதிய வண்டி வாங்கலாமே என்று கேட்பவர் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதில் 640 கிராம் கரி. ஒவ்வொரு 12 கிராம் கரியும் காற்றிலிருந்து 32 கிராம் பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்வதால், எரிந்தபின் வெளிவரும் கரியமிலவாயு 2.3 கிலோ. 133 லிட்டர் மிச்சமானால் ஆண்டுக்கு 300 கிலோ குறையும். ஒரு சிறிய காரை உருவாக்குவதற்கோ, இரும்பை உருக்குவதிலிருந்து பெயின்ட் உலர்த்துவதுவரை, பல டன் வெளிப்படுகிறது. ஐந்து டன் என்று கொண்டாலும் அதை ஈடுகட்டப் பதினாறு ஆண்டு வேண்டும். நாம் விற்றது வேறொருவரிடம் ஓடி, அதைவிடப் பழையதொன்றை விலக்கக்கூடும் என்பதும் மெய்யாதலால், இக்கணக்கை நான் அளவுக்கு மீறி அழுத்தமாட்டேன். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவரின் நிலை வேறு: 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதி, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 60 ஆகத்தான் குறைத்தது. டீசலுக்கு 250-லிருந்து 80 ஆகக் குறைத்தது.

இவ்வளவும் பார்த்தபின், வண்டியை வைத்துக்கொள்வதே விவேகம் என்று முடிவுகட்டி எழுந்திருக்கும் தருணத்தில் பாய் கேட்டார்: "பாப்பாதானே சார் திருச்சிக்கு ஓட்டிக்கிட்டுப் போகுது? இதுல ஏர்பேக் கிடையாதே?"

அக்கேள்விக்கு முன் என் கணக்குகள் யாவும் சிறுத்துப்போயின. எங்களுடையது அந்த மாடலில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஏர்பேக்கும் இல்லை, ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. இவை எல்லாக் கார்களிலும் படிப்படியாகக் கட்டாயமானது 2019 முதல்தான். வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். நகரத்தில் 40 கிலோமீட்டரில் போகிற வண்டி நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது தடுத்தாளவேண்டிய சக்தி அவ்வளவு பெருகிவிடுகிறது. திடீரென்று பிரேக் மிதிக்கச் சக்கரம் பூட்டிக்கொண்டால், வழுக்கும் டயர் பக்கவாட்டுப் பிடிப்பை இழந்துவிடுவதால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை, ஏ.பி.எஸ். வினாடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுப் பிடித்து அந்தப் பிடிப்பை மீட்டுத் தருகிறது. ஏர்பேக் விரிவதற்கு ஆகும் காலம் சுமார் 30 மில்லி வினாடி. கண்ணிமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும். பழைய வண்டியில் இவற்றைப் பிற்பாடு பொருத்திக்கொள்ள வழியில்லை. மைலேஜுக்காகவும் பெரிய திரைக்காகவும் நான் ஒரு தவணையும் கட்டமாட்டேன். இதற்காகவென்றால் ஏழாண்டும் கட்டுவேன்.

அன்றிரவு மகளோடு உட்கார்ந்து பேசினேன். அவள் மாதத்தில் ஒருமுறைதான் திருச்சிக்குப் போகிறாள். அதை ரயிலில் போவதாக ஒப்புக்கொண்டாள். வண்டி இனி ஊருக்குள் மட்டும். அவளுக்கு வேலை மாறி, நாள்தோறும் நெடுஞ்சாலையில் போகவேண்டி வருமானால், அந்த மாதமே மாற்றிவிடுவதென்று தீர்மானித்து, 11,260 ரூபாயைத் தவணை கட்டுவதுபோலவே மாதாமாதம் தனிக்கணக்கில் போட்டுவருகிறேன். சென்ற வாரம் நான்கு டயர்களும் மாறின. வாங்குமுன் கடைக்காரரிடம் டார்ச் கேட்டு, ஒவ்வொன்றின் பக்கச்சுவரிலும் அந்த நான்கு எண்களை மகளே குனிந்து படித்துப் பார்த்தாள்.